பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்: பெட்டியில் எழுதாத சங்கதிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் கம்பெனி பெயரோ மாடல் பெயரோ வராது. பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. பத்தாயிரத்திலிருந்து பதிமூன்றாயிரம் வரை விற்கிற போன்கள் எத்தனை பெயரில் வந்தாலும் உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதே மாதிரி சிப், அதே 6.7 அங்குலத் திரை, அதே 50 மெகாபிக்சல், அதே 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரி. அதனால் நான் சொல்வதில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கிற வேறு கம்பெனி போனுக்கும் பொருந்தும்.

நான் என்ன வேலைக்குப் போனைப் பயன்படுத்துகிறேன் என்று தெரிந்தால்தான் என் குறைகள் உங்களுக்கும் குறையா என்று தெரியும். பிஸ்கட், சோப்பு ஏஜென்சி ஒன்றில் லைன் போகிறவன் நான். காட்பாடியில் கிளம்பினால் லத்தேரி, கே.வி.குப்பம், குடியாத்தம், சில நாள் பேரணாம்பட்டு வரைக்கும் போகும். இன்னொரு லைன் பள்ளிகொண்டா, அணைக்கட்டு, ஒடுகத்தூர். கடை கடையாக நின்று ஆர்டர் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும், வசூலுக்கு யூ.பி.ஐ., புதுக்கடையைக் கண்டுபிடிக்க மேப், நடுவில் முதலாளி போன். போன் படுத்துவிட்டால் அன்றைய லைன் படுத்துவிடும். சித்திரை பிறந்ததும் வாங்கி, கத்திரி வெயில் முழுக்க இதோடு சுற்றிவிட்டேன். கேம் விளையாடுவதில்லை, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நல்லதை முதலில் சொல்லலாம். சிப் மீடியாடெக்கின் டைமென்சிட்டி 6300. 6 நானோமீட்டரில் செய்தது, எட்டு கோர், அதில் இரண்டு மட்டும் வேகமானவை, மீதி ஆறும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறவை. ஆர்டர் ஆப், மேப், வாட்ஸ்அப், பணம் கட்டுகிற ஆப் என்று நாலையும் மாற்றி மாற்றித் திறந்தாலும் திக்கித் திணறவில்லை. ஆனால் இதற்குச் சிப்பை மட்டும் பாராட்ட முடியாது. 6 ஜிபி ராம் உள்ள வகையை வாங்கினேன், அதுதான் பாதி காரணம். கடையில் "நாலு ஜிபி போதும் சார், கூட நாலு சேர்த்துக்கலாம், மொத்தம் எட்டு" என்று விற்கப் பார்த்தார்கள். அந்தக் கூடச் சேர்க்கிற நாலு ராமே கிடையாது. சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, இப்போதைக்கு வேண்டாத ஆப்பை அதில் ஒதுக்கி வைக்கிற ஏற்பாடு. சேமிப்பு ராம் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. விளம்பரத்தில் 8 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே நட்சத்திரக் குறி போட்டு எறும்பு எழுத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். அந்த எறும்பு எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

சேமிப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 128 ஜிபி என்று இரண்டு போனிலும் எழுதியிருக்கும், ஒன்றில் இ.எம்.எம்.சி., இன்னொன்றில் யூ.எஃப்.எஸ். முதல் வகை ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டாவது வகை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். வாங்கிய முதல் வாரம் வித்தியாசம் தெரியாது. ஒரு வருடம் கழித்து வாட்ஸ்அப் குப்பை சேர்ந்து, ப்ளே ஸ்டோர் பின்னால் அப்டேட் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கேமராவைத் திறந்து பாருங்கள், அப்போது தெரியும். என் பழைய போன் அப்படித்தான் வயதாகியது. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை வேறு ஏறிக்கொண்டிருக்கிறது, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போவதால். முன்பு இந்த விலைக்கு வந்த ராம் இப்போது வராது, அதனால் கம்பெனிகள் கைவைப்பது இந்த இடத்தில்தான். கேமராவில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, ராமில் பிடிக்காதீர்கள்.

சரி, வெயிலுக்கு வருகிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பாலாறு இருக்கிறது, தண்ணீர் இல்லை, மே மாதம் 40 டிகிரி என்பது செய்தியே கிடையாது. நேரடி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) வரை போகும். இந்த விலைப் போன்களின் எல்.சி.டி. திரை சாதாரணமாகத் தருவது ஐந்நூறு நிட்ஸ் (திரை தருகிற ஒளியின் அளவு) சுமார். காலை பத்தரைக்கு மேல் கடை வாசலில் நின்று திரையைப் பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது. வெயில் பட்டதும் ஒளி தானாகக் கொஞ்சம் ஏறுகிறது, அது உண்மை, ஆனால் சில நிமிடத்தில் போன் சூடாகி, சூட்டைக் குறைக்க அதுவே ஒளியைக் குறைத்துவிடுகிறது. வெளிச்சம் அவசியமாகத் தேவைப்படுகிற நேரத்தில்தான் இருட்டு. இதை இந்தப் போனின் குறை என்று மட்டும் சொல்ல மனசு வரவில்லை. ஐபோனுக்கே ஆப்பிள் எழுதி வைத்திருக்கிற சுற்றுப்புற வெப்ப வரம்பு 0 முதல் 35 டிகிரி வரைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பகல் முழுக்கப் போனை எடுக்கவே கூடாது.

இதில் நான் கண்டுபிடித்த சில்லறை வழிகள். டார்க் மோடை வெளியே போகும்போது எடுத்துவிடுங்கள், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் வெயிலில் ஓரளவு படிக்க முடிகிறது. எல்.சி.டி. திரையில் டார்க் மோடால் பேட்டரியும் மிச்சமாகாது, பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம், போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் போனைப் படுக்கை வாட்டத்திலும் நேர் வாட்டத்திலும் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் திரை கறுப்பாகிப்போகும். போன் செத்துவிட்டது என்று பதற வேண்டாம், கண்ணாடியைக் கழற்றினால் போதும். பக்கவாட்டில் இருக்கிற கைரேகை சென்சார் வியர்வைக் கைக்கு மசியாது. சட்டையில் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், அந்தச் சட்டையும் நனைந்திருந்தால் பின் நம்பர்தான் கதி.

இனி நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணம். பெட்டியின் மேல் எழுதியிருப்பது எல்லாம் உள்ளே இருக்கிறது, அதில் பொய் இல்லை. எழுதாமல் விட்டதில்தான் தினசரி எரிச்சல்.

திசைகாட்டி. இந்தப் போனில் காந்த சென்சார் கிடையாது. அது எதற்கு, நாம் என்ன கப்பலா ஓட்டுகிறோம் என்று நானும் கேட்பேன். கூகுள் மேப்பில் நீல வட்டத்திலிருந்து டார்ச் அடித்த மாதிரி ஒரு வெளிச்சம் விரியும் பாருங்கள், நாம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்று காட்டுவது, அது இந்த சென்சாரால்தான் வருகிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். நகர்ந்துகொண்டிருந்தால் எந்தத் திசையில் போகிறோம் என்பதையும் கணக்குப் போட்டுவிடும். நின்றுவிட்டால் அதற்குத் தெரியாது. பைபாஸில் போகிறவனுக்கு இது பிரச்சினையே இல்லை. குடியாத்தம் பஜார் பின்னாடி சந்து மூன்றாகப் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, எந்தச் சந்து என்று மேப்பைப் பார்த்தால் வெறும் நீலப் புள்ளி. வண்டியைத் தள்ளிக்கொண்டு பத்தடி போய், புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, தப்பு என்றால் திரும்பி வர வேண்டும். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். இந்த சென்சாரை விட்டதில் கம்பெனிக்கு மிச்சமானது சில ரூபாய் இருக்கலாம், என் பொறுமை எவ்வளவு போனது என்று அவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது அருகாமை சென்சார். காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும், எடுத்ததும் எரிய வேண்டும். பழைய போன்களில் இதற்கென்று அகச்சிவப்புக் கதிர் அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கிற சின்ன சென்சார் ஒன்று இருந்தது. மலிவு போன்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். சிலவற்றில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது, சிலவற்றில் போனை அசைத்த விதத்தையும் திரையில் பட்ட தொடுதலையும் வைத்து முடிவு செய்கிறது. என் போனின் ஊகம் பத்துக்கு இரண்டு தடவை தப்புகிறது. கன்னம் பட்டு மியூட் ஆகும், ஹோல்டில் போகும், ஒரு தடவை நடுவில் வீடியோ காலுக்கு மாறப் பார்த்தது. ஒரு நாள் முதலாளி வசூல் கணக்கு கேட்டுக்கொண்டிருக்கும்போது கட்டாகிவிட்டது. திரும்ப நானே கூப்பிட்டால், "இன்னாபா, கணக்கு கேட்டா மட்டும் ஒனக்கு லைன் கட்டாவுது" என்றார். என்ன பதில் சொல்வது? சென்சார் இல்லை என்றால் அவர் நம்புவாரா?

இப்போது ஒயர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறேன். இந்த விலைப் போன்களில் இன்னும் அந்த 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறது, அறுபதாயிரம் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. ஹெட்போன் மாட்டினால் இன்னொரு பிரச்சினையும் தீர்கிறது. இரைச்சலை வடிகட்ட இரண்டாவது மைக் இல்லாததால், வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானா பக்கம் நின்று பேசினால் எதிரில் இருப்பவருக்கு பஸ் ஹாரனும் நானும் ஒரே சத்தத்தில்தான் கேட்போம். ஒயரில் இருக்கிற மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

கடையில் இதையெல்லாம் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டெமோ போனை வாங்கி மேப்பைத் திறந்து, நின்ற இடத்திலேயே சுற்றிப் பாருங்கள், நீல வட்டத்தில் வெளிச்சம் சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பண்ணி, காதுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுங்கள். அப்படியே கடைக்கு வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் இந்த வசதி இல்லை, அதனால்தான் நான் வேலூர் அண்ணா சாலையில் ஒரு கடையில் வாங்கினேன். ஆன்லைன் விலையைக் காட்டியதும் அதே விலைக்கு இறங்கி வந்தார், பவுச்சும் டெம்பர் கிளாஸும் அவர் கணக்கில். நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பையன் கொல்கத்தாவிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு வங்காளத்தில் சார்ஜர் விற்றுக்கொண்டிருந்தான். அவன் வங்காளம் என் இங்கிலீஷைவிட நன்றாக இருந்தது, விற்பனையும்தான். பில்லைப் பார்த்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது பன்னிரண்டாயிரத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வரிக்கே போகிறது. 2020 ஏப்ரலுக்கு முன்னால் 12 சதவீதமாக இருந்தது.

பேட்டரியைக் குறை சொல்ல ஆசைப்பட்டும் முடியவில்லை. காலை எட்டு மணிக்கு முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால், நாள் முழுக்க மேப்பும் டேட்டாவும் ஓடியும் வீட்டுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. திரை 720 பிக்சல் அகலம் மட்டுமே என்பதும் இதற்கு ஒரு காரணம். எழுத்தின் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும்தான், ஆர்டர் எடுக்கிறவனுக்கு அது போதும். சார்ஜரில்தான் தந்திரம். பெட்டியின் மேல் 18 வாட் வேக சார்ஜிங் என்று இருந்தது. போன் 18 வாட் தாங்கும், சரி. உள்ளே கொடுத்திருக்கிற சார்ஜர் 10 வாட். இந்த பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட்-அவர். பத்து வாட் சார்ஜரால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம் வரும், கடைசி இருபது சதவீதம் மெதுவாக ஏறும் என்பதால் நிஜத்தில் மூன்று மணியை நெருங்குகிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு அது பொருட்டில்லை. மதியம் சாப்பிடுகிற நேரத்தில் ஏற்றலாம் என்று நினைத்தால் நடக்காது.

பைக்கில் ஹோல்டர் மாட்டி வெயிலில் மேப் ஓடவிட்டுக்கொண்டே பவர் பேங்கில் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டேன். லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஆகக் கூடாது, அதனால் போனே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். ஹோல்டரில் ஒரு வேடிக்கை. 2021-இல் ஆப்பிள் ஓர் அறிவிப்பு போட்டது, பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐபோன் கேமராவில் ஆடாமல் பிடிக்கிற பகுதியைக் கெடுத்துவிடலாம் என்று. என் போனில் அந்தப் பகுதியே கிடையாது, கெடுவதற்கு ஒன்றும் இல்லை. பள்ளிகொண்டாவிலிருந்து அணைக்கட்டு போகிற ரோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் குலுங்கட்டும்.

கேமரா என்றால் 50 மெகாபிக்சல் என்பார்கள். நாலு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி, கையில் வருவது 12.5 மெகாபிக்சல் படம். அதில் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். பகலில் கடை ஷெல்ஃப் படம் எடுத்து ஏஜென்சிக்கு அனுப்பினால் பாக்கெட் மேல் இருக்கிற விலைகூடத் தெரிகிறது. டியூப் லைட் கடையில் சாயங்காலம் எடுத்தால் அதே பாக்கெட் ஈயம் பூசின மாதிரி இருக்கும். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குப் போயிருந்தேன், பகலில் எடுத்த கூட்டம் அவ்வளவு அழகு, இரவில் எடுத்ததில் ஒருத்தர் முகமும் நிற்கவில்லை. பின்னால் இரண்டாவதாக ஒரு கண்ணாடி வட்டம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பீர்கள். க்யூ.வி.ஜி.ஏ. லென்ஸ் என்று எழுதியிருக்கிறது, 320-க்கு 240. பெருக்கிப் பாருங்கள், எழுபத்தாறாயிரத்துச் சொச்சம் பிக்சல், 0.08 மெகாபிக்சல். அதை விரலால் மூடிவிட்டுப் படம் எடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

நெட்வொர்க்கில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 5ஜி நம் நாட்டில் தொடங்கியது 2022 அக்டோபர் 1. ஜியோ தனித்து நிற்கிற எஸ்.ஏ. முறையில் போட்டது, ஏர்டெல் 4ஜியின் மேல் சாய்ந்து நிற்கிற என்.எஸ்.ஏ. முறையில் ஆரம்பித்தது. சில மலிவு 5ஜி போன்களில் எஸ்.ஏ. மட்டும்தான் உண்டு. உங்கள் சிம் எந்த முறையில் ஓடுகிறதோ அது போனில் இல்லை என்றால், 5ஜி என்று எழுதின போனில் 4ஜிதான் ஓடும். என்னுடையதில் இரண்டும் இருக்கிறது. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் வேகத்துக்குக் குறைவில்லை. ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரம் போனால் டவரைத் தேடித் தேடிப் போன் சூடாகிறது, பேட்டரி இறங்குகிறது. அந்த லைன் போகிற அன்று 4ஜியில் பூட்டி வைத்துவிடுகிறேன், நிலைமை தேவலாம்.

விளம்பரத் தொல்லை தனிக் கதை. லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு நடிகை படம், தொட்டால் ஏதோ வெப்சைட். கேட்காமலே நோட்டிபிகேஷனில் கேம் வந்து நிற்கும். முதல் தடவை போனை ஆன் செய்யும்போது வரிசையாக வரும் கட்டங்களில் 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொன்றாக டிக் எடுத்துவிட்டால் முக்கால்வாசி வராது. மீதியை செட்டிங்ஸில் போய் ஒழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகும். பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதை முடித்துவிட்டுக் கொடுங்கள், அவர்கள் அந்தப் படத்தைத் தொடுவார்கள், நிச்சயமாகத் தொடுவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், போனுக்குச் சம்பந்தமில்லை, வெயிலுக்குச் சம்பந்தம் உண்டு. யூ.பி.ஐ. லைட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் போகும், ஐயாயிரம் வரை அதில் போட்டு வைக்கலாம். திரை தெரியாத உச்சி வெயிலில் ஆறு இலக்கம் தட்டுகிற வேலை மிச்சம்.

என் மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்கு அதே காசுல பழைய பெரிய போனா வாங்கிடலாமே மாமா, திசைகாட்டியும் இருக்கும், நல்ல திரையும் இருக்கும்" என்றான். நியாயமான கேள்வி. மூன்று வருடம் முன்னால் நாற்பதாயிரத்துக்கு விற்ற போன் இப்போது இந்த விலைக்கு செகண்ட் ஹேண்டில் வருகிறது, திரை வெயிலில் தெரியும், சென்சார் எல்லாம் இருக்கும். பேட்டரி எத்தனை நாள் வரும், திரையை மாற்றியிருக்கிறார்களா, செக்யூரிட்டி அப்டேட் இன்னும் வருகிறதா என்பதெல்லாம் விற்கிறவர் சொல்கிற வாக்குதான். திருட்டுப் போனா என்பதை மட்டும் நாமே பார்த்துவிடலாம். *#06# அடித்தால் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற அடையாள எண், வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, அதன் பின் அந்த எண், இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதில் வரும். கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, நகல் எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று ஏதாவது வந்தால் வாங்கக் கூடாது. மச்சானுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, அவன் பார்த்து வைத்திருந்த போனின் எண்ணைக் கேட்கச் சொன்னேன். அதுவரை நிமிடத்துக்கு ஒரு மெசேஜ் போட்டுக்கொண்டிருந்த ஆள், எண்ணைக் கேட்டதிலிருந்து ஆன்லைனிலேயே காணோம்.